பால் ஸ்கோல்ஸ் ஆடியதைப் பார்த்தவர்கள்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு தருணம்

செங்கல்வீதி

2008 ஏப்ரல் 29 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் பார்சிலோனாவுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் நடுகள ஆட்டக்காரர் ஸ்கோல்ஸ் அடித்த கோலை இங்கே இருப்பவர்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை நான் விவரிக்கப் போவதில்லை. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், பதினான்காம் நிமிடம், பார்சிலோனாவின் தடுப்பாட்டக்காரர் சம்புரோட்டா சரியாக வெளியேற்றாமல் விட்ட பந்து, ஏறத்தாழ இருபத்தைந்து கெஜத் தூரம் என்று சொன்னாலே போதும். நான் அப்போது மான்செஸ்டரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். உடன் படித்தவர் ஒருவரின் உறவினருக்கு உடல்நலம் சரியில்லாமல் போனதால் அவருடைய இருக்கை ஒரே ஓர் இரவுக்கு எனக்குக் கிடைத்தது.

என் நினைவில் நின்றவர் பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர். எழுபது வயதைத் தாண்டியிருப்பார். தேநீர்க் குடுவையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, முதல் பத்து நிமிடம் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பந்து வலைக்குள் போனதும் அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. அவர் மட்டும் எழாமல் உட்கார்ந்தபடியே என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். குடுவை உருண்டு போயிற்று, தேநீர் என் காலணிமேல் கொட்டியது, அவர் பிடியை விடவில்லை. "இந்த முறை அவன் போவான்" என்பதை மூன்று முறையோ நான்கு முறையோ சொன்னார்.

அப்போது எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. 1999-இல் டூரினில் ஜுவென்டஸுக்கு எதிரான அரையிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி வாங்கிய மஞ்சள் அட்டையால் ஸ்கோல்ஸ் இறுதி ஆட்டத்தில் ஆட முடியாமல் போனதையும், அதே தடைக்கு ஆளான ராய் கீனுடன் சேர்ந்து, பார்சிலோனா நகரத்து அரங்கில் சக வீரர்கள் கோப்பையைத் தூக்கியபோது சூட் அணிந்துகொண்டு பக்கத்தில் நின்றதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2008 அரையிறுதியை யுனைடெட் 1-0 என்று வென்றதும், மாஸ்கோ இறுதி ஆட்டத்துக்கான அணியில் முதலில் எழுதப்படும் பெயர் ஸ்கோல்ஸ்தான் என்று யுனைடெட் மேலாளர் ஃபெர்கூசன் அறிவித்தபோது அந்த முதியவரைத்தான் நினைத்தேன். மே 21 அன்று மாஸ்கோவில், எதிரணியான செல்சியின் மகலேலேவுடன் மோதி மூக்கில் இரத்தம் வழிய ஆட்டத்தைத் தொடர்ந்த ஸ்கோல்ஸைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும், என் மணிக்கட்டில் அந்தப் பிடி இருப்பதாகவே தோன்றியது. அவருடைய பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை என்பது இன்றுவரை உறுத்துகிறது.

நீலக்குடை

என்னுடையது 2010 ஏப்ரல் 17. மான்செஸ்டர் நகர அணிகளான யுனைடெட்டும் சிட்டியும் மோதிய ஆட்டத்தை, சிட்டி ரசிகரான அலுவலக நண்பர் ஒருவருடன், சிட்டி ரசிகர்கள் அமரும் பகுதியில் இருந்து பார்த்தேன். எந்த அணியை ஆதரிப்பவன் என்பதை வெளியே காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் என்னை அழைத்துச் சென்றார்.

மேல்தளத்தில் இருந்து பார்க்கும்போதுதான் ஸ்கோல்ஸின் ஆட்டம் முழுமையாக விளங்கியது. தொலைக்காட்சி பந்தைத்தான் பின்தொடர்கிறது. அவரோ பந்து வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறார். பந்து வேறு எங்கோ இருக்கையில் தலையை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் திருப்பிப் பார்ப்பார், இரண்டு எட்டு நகர்ந்து நிற்பார், பந்து காலுக்கு வந்ததும் அது போக வேண்டிய இடத்துக்கு ஒரே தொடுதலில் போய்விடும். தொண்ணூறு நிமிடமும் அந்தத் தலை திரும்புவதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூடுதல் நேரத்தில் எவ்ரா இடப்பக்கத்தில் இருந்து பந்தை உயர்த்தி அனுப்பினார். முப்பத்தைந்து வயதான, அதிக உயரமில்லாத அந்த மனிதர் யாருடைய காவலும் இல்லாமல் உள்ளே ஓடிவருவதை, பந்து எவ்ராவின் காலை விட்டுப் புறப்படும்போதே நான் பார்த்துவிட்டேன். அடுத்த கணம் கோல் விழப்போகிறது என்று என்னைச் சுற்றி இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது; கத்தவும் முடியாது, எழவும் முடியாது. இரண்டு முழங்கால்களையும் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். தலையால் முட்டிய பந்து உள்ளே போனதை நான் பார்க்கவில்லை, அரங்கம் அடங்கிப்போனதைத்தான் கேட்டேன். கேரி நெவில் ஓடிவந்து அவருக்கு முத்தம் கொடுத்த புகைப்படத்தை எல்லோரும் இன்றும் பகிர்கிறார்கள். அதையும் மறுநாள் செய்தித்தாளில்தான் பார்த்தேன்.

பொறுமையானவன்

மேலே எழுதிய இருவரின் அனுபவமும் மதிப்புக்குரியவை. ஆயினும் ஸ்கோல்ஸ் என்றால் கோல்களைப் பற்றியே பேசி, இங்கிலாந்து அணி அவரை எப்படி நடத்தியது என்பதை ஒவ்வொரு முறையும் தாண்டிச் செல்வது எனக்கு வருத்தமளிக்கிறது. 2004 ஜூன் 24 அன்று குரோய்டனில் ஒரு மதுக்கூடத்தின் பின்னறையில் இருபது பேருடன் நின்றுகொண்டு, லிஸ்பனில் போர்ச்சுகலுக்கு எதிராக நடந்த யூரோ கால் இறுதியைப் பார்த்தேன். ஐம்பத்தேழாம் நிமிடத்தில் ஸ்கோல்ஸை வெளியே அழைத்து ஃபில் நெவிலை இறக்கினார்கள். அந்த அறையில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என் மனத்தில் தங்கியது அந்த அமைதிதான்.

நான்கு பேர் கொண்ட நடுகளத்தில் ஜெரார்டுக்கும் லாம்பார்டுக்கும் நடுப்பகுதியைக் கொடுத்துவிட்டு, பந்தை எப்போது எங்கே அனுப்ப வேண்டும் என்று அந்நாட்டிலேயே மிக நன்றாக அறிந்த மனிதரை இடது ஓரத்தில் நிறுத்தினார்கள். 1999 மார்ச்சில் வெம்ப்ளியில் போலந்துக்கு எதிராக மூன்று கோல்களையும், அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இரண்டு கோல்களையும் அடித்தவர் அவர். லிஸ்பன் ஆட்டம் முடிந்து இரண்டு மாதங்களுக்குள், இருபத்தொன்பது வயதில், 66 ஆட்டங்களோடும் 14 கோல்களோடும் நாட்டு அணியில் இருந்து விலகிக்கொண்டார். சக நாட்டவர்கள் அவருடைய மதிப்பை உணராதபோது, பார்சிலோனாவின் சாவிதான் தம் காலத்தின் மிகச் சிறந்த நடுகள ஆட்டக்காரர்களில் அவரை முதலில் வைத்துப் பேசினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மிடில்டன்_பக்கம்

நண்பர் பொறுமையானவன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்க முடியவில்லை. இடது ஓரத்தில் நிறுத்தியதால்தான் விலகினார் என்பது நாம் கட்டிக்கொண்ட கதை. குடும்பத்தோடு இருக்க வேண்டும், யுனைடெட் சங்கத்துக்காக இன்னும் சில ஆண்டுகள் நன்றாக ஆட வேண்டும் என்பவையே அவர் அப்போது சொன்ன காரணங்கள். 2010 உலகக் கோப்பைக்கு முன் அப்போதைய இங்கிலாந்து மேலாளர் கப்பெல்லோ தரப்பில் இருந்து அழைப்பு வந்தபோதும் அவர் போகவில்லை. நடுப்பகுதி கிடைக்காததுதான் அவருடைய ஒரே மனக்குறையாக இருந்திருந்தால் அந்த அழைப்பை ஏற்றிருக்கலாமே?

அவர் வளர்ந்த லாங்லி குடியிருப்புக்கு அருகில் ஆறு ஆண்டுகள் வசித்தேன். அங்கே உள்ள திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழைக்கும் சேற்றுக்கும் நடுவில் சிறுவர்கள் ஆடுவதைப் பார்த்தால், புகழ் வேண்டாம், பந்தும் வீடும் போதும் என்று ஒருவர் நினைப்பதில் எந்த மர்மமும் இருப்பதாகத் தோன்றாது. என்னுடைய அனுபவம் என்று சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. மேலே இருப்பதைப் படித்தபின் மறுக்காமல் போக மனம் வரவில்லை.

மித்திரனின்_அம்மா

எனக்குக் கால்பந்து அதிகம் தெரியாது. 2011 ஆகஸ்ட் 5 அன்று, ஸ்கோல்ஸ் முதல் முறை ஓய்வு பெற்றபோது, நியூயார்க் காஸ்மோஸ் அணியுடன் நடந்த சிறப்பு ஆட்டத்துக்கு ஒன்பது வயது மகனை அழைத்துச் சென்றேன். அன்றும் அவர் தொலைவில் இருந்து ஒரு கோல் அடித்தார். என் மகன் ஆட்டம் முழுவதும் நீல நிற இன்ஹேலரைக் கைக்குள் மூடி வைத்திருந்தான். ஆஸ்துமாவால் பள்ளி அணியில் இருந்து அவன் விலகியிருந்த மாதம் அது. பின்வரிசையில் இருந்த ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, "அவருக்கும் அது உண்டு, தெரியுமா?" என்று களத்தைக் காட்டினார். மகன் முதலில் என்னைப் பார்த்தான், பிறகு களத்தைப் பார்த்தான், பிறகு கையைத் திறந்து இன்ஹேலரை மடிமேல் வைத்தான். எல்லோரும் பார்க்கும்படி அவன் அதை வெளியே வைத்தது அதுவே முதல் முறை.

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மூச்சிரைப்பு உள்ள குழந்தையை விளையாட்டில் இருந்து நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்று நானும் நினைத்தேன், அது தவறு. நோய் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் ஓடலாம், ஆடலாம். மருத்துவர் தினமும் எடுத்துக்கொள்ளச் சொன்ன தடுப்பு மருந்தை, குழந்தை நன்றாக இருக்கும் நாட்களிலும் நிறுத்தாதீர்கள். நாங்கள் கோடைக்காலத்தில் நிறுத்திவிட்டு இலையுதிர்காலத்தில் மருத்துவமனைக்கு ஓடினோம். உடனடி நிவாரணத்துக்கான இன்ஹேலர் பையின் அடியில் கிடக்கக் கூடாது, பயிற்சியாளரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ அது தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள், மருத்துவரைப் பாருங்கள். குளிர்காற்றில் திடீரென்று வேகமாக ஓடவிடாமல், பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்ஹேலரோடு குழல் போன்ற ஸ்பேசரைச் சேர்த்துப் பயன்படுத்தினால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடாமல் நுரையீரலுக்குப் போகும். மூச்சு வாங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பள்ளியிலும் ஒரு படி கொடுத்துவிடுங்கள். மகன் அடுத்த ஜனவரியில் அணிக்குத் திரும்பினான், நடுகளத்தில்தான் ஆடினான்.

வெளியூர்_மேடை

சகோதரி எழுதியதைப் படித்தபின் என் பதிவை இடுவதற்குத் தயக்கமாக இருக்கிறது. பரவாயில்லை, பத்து ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் சொல்லாதது.

2012 ஜனவரி 8, சிட்டியின் எத்திஹாட் அரங்கம், எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று. ஓய்வு பெற்று ஏழு மாதங்கள் ஆகியிருந்த ஸ்கோல்ஸ் திரும்பி வருகிறார் என்ற செய்தி, நாங்கள் அரங்கத்துக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் வந்தது. அவருடைய சக வீரர்களுக்கே உடைமாற்றும் அறையில் தொங்கிய 22-ஆம் எண் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகக் கடைக்குப் போய் 40 பவுண்டுக்குக் காலணி வாங்கி வந்தார் என்பதும் பின்னாளில் வெளிவந்தது. ஐம்பத்தொன்பதாம் நிமிடத்தில் நானிக்குப் பதிலாக அவர் இறங்கியபோது யுனைடெட் 3-1 என முன்னிலையில் இருந்தது. எங்கள் மேடை முழுவதும் அவர் பெயரைப் பாடியது, நானும் தொண்டை கட்டும்வரை பாடினேன்.

ஆறு நிமிடத்துக்குள் எங்கள் பாதியில் அவர் பந்தைத் தவறாக விட்டார். அது சிட்டியின் கைக்குப் போய், அகுவேரோ கோல் அடித்தார், 3-2. அந்தக் கணத்தில் நான் உரக்க ஒரு சொல் சொன்னேன். என்ன சொல் என்று இங்கே எழுத முடியாது. வயதானவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்ற பொருளில் அமைந்த வசை அது. எனக்கு முன்வரிசையில் தந்தையின் தோள்மேல் கையை வைத்து நின்றுகொண்டிருந்த ஒரு சிறுமி திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. நான் சொன்னது யாரை என்று புரியாமல் பார்த்தாள். ஆட்டம் 3-2 என்றே முடிந்து நாங்கள் வென்றோம். வெளியே வரும் வழியில் அந்தத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தேடினேன், கூட்டத்தில் அவர்கள் தென்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை போல்டனுக்கு எதிராக ஓல்ட் டிராஃபோர்டில் முதல் கோலை அவரே அடித்தார். வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன், உடன் இருந்தவர்கள் கொண்டாடினார்கள், என்னால் வாய் திறக்க முடியவில்லை.

பொறுமையானவன்

வெளியூர் மேடை நண்பருக்கு: அந்தச் சிறுமி அதை மறந்திருப்பாள் என்று சொல்லி உங்களைத் தேற்ற விரும்பவில்லை. ஆனால் அன்று தவறு செய்ததும் ஸ்கோல்ஸ் ஒளிந்துகொள்ளவில்லை, அடுத்த பந்தையும் கேட்டு வாங்கினார். நீங்கள் இங்கே எழுதியதும் அப்படித்தான்.

மிடில்டன் நண்பருக்கு: கப்பெல்லோவின் அழைப்பு வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. இருபத்தொன்பது வயதில் இருந்த காரணத்தை முப்பத்தைந்தை வைத்து அளக்க முடியாது. இதில் என் கருத்து மாறவில்லை.

கடைசிப்பேருந்து

யாரும் அவருடைய தடுப்பாட்டத்தைப் பற்றி எழுதவில்லை. அவருக்குத் தடுக்கத் தெரியாது, பாவம், அதனால்தான் அத்தனை மஞ்சள் அட்டைகள் என்று புன்னகையோடு சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பழைய வெம்ப்ளியில் வெளியேற்றப்பட்ட ஒரே இங்கிலாந்து வீரர் அவர்தான், 1999 ஜூனில் ஸ்வீடனுக்கு எதிராக. இவ்வளவு துல்லியமாகத் தூரத்தைக் கணிக்கும் ஒருவர் எதிராளியின் காலை மட்டும் தவறாகக் கணித்தார் என்பதை நான் நம்பவில்லை. வேண்டுமென்றேதான் போனார் என்று கருதுகிறேன். எதிரணிக்காரர்களின் கால்கள் வலித்திருக்கும், அதை நாம் மறைக்கக் கூடாது.

2013 மே 19 அன்று வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியன் அரங்கில் இருந்தேன். ஃபெர்கூசனின் கடைசி ஆட்டம், 5-5 என்று முடிந்தது. அதுவே ஸ்கோல்ஸின் 718-ஆவது ஆட்டம், 155 கோல்களோடும் 11 லீக் பட்டங்களோடும் அங்கேதான் நிறுத்தினார். மாற்று ஆட்டக்காரராக இறங்கி அன்றும் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினார். நடுவர் அட்டையைத் தூக்கியபோது எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த அட்டையைப் பார்த்ததும் டூரின் நினைவு வந்து நெஞ்சை அடைத்தது.

செங்கல்வீதி

அனைவருக்கும் நன்றி. அவருடைய முதல் ஆட்டம் 1994 செப்டம்பர் 21, போர்ட் வேல் அரங்கில், லீக் கோப்பையில், 2-1. இரண்டு கோல்களும் அவருடையவை. அன்று அந்த அரங்கம் உள்ள ஸ்டோக் நகரில் இருந்து அதை நேரில் பார்த்தவர் எவரேனும் இதைப் படித்தால், பக்கத்து இருக்கையில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.