பருவமல்லாத காலத்துச் சினை: என்ன சொல் வைக்கலாம்?

வெள்ளவத்தையிலிருந்து:

வணக்கம். கால்நடைக் கைநூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் அத்தியாயத் தலைப்பில் நிற்கிறேன். குளிர்நாட்டுச் செம்மறிகள் பகல் குறுகும்போதுதான் கிடாயைத் தேடும். மற்றக் காலத்தில் சினைப்படுத்த, புரோஜெஸ்தரோன் வகை ஓமோன் ஊறிய பஞ்சை 12 முதல் 14 நாள் யோனிக்குள் வைத்திருக்கிறார்கள். எடுக்கும்போது சினைக் குதிரையின் குருதியிலிருந்து பெறும் ஓமோனை ஊசியில் ஏற்றுகிறார்கள். ஓரிரு நாளில் வேட்கை வரும். "பருவம் தப்பிய" என்றால் ஏதோ தவறிப்போனது போலிருக்கிறது. "அகால" என்றால் மரணம்தான் நினைவில் வருகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது: வம்பு. குறுந்தொகை 66இல் கொன்றை, பருவமல்லாத வம்ப மாரியைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிடுகிறது. உங்கள் ஆடும் அதையேதான் செய்கிறது. "வம்பச் சினை" என்று துணிந்து வையுங்கள். பெண்ணாட்டுக்குத் தொல்காப்பியத்தின் மரபியல் தரும் "மூடு" என்ற சொல்லையும் மீட்கலாம்.

தெகிவளையிலிருந்து:

ஐயா, கொன்றையை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். இரவில் உடலில் சுரக்கும் ஓமோனான மெலற்றோனினைக் காதடியில் தோலுக்குக் கீழ் வைத்தால் இரவு நீண்டுவிட்டது என்று ஆட்டின் உடல் நம்புகிறது. அதை விளக்க இதைவிட நல்ல உவமை இல்லை. ஆனால் "வம்பச் சினை" என்று பலகையில் எழுதினால், வம்பில் பிறந்த குட்டி என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். மூடு கதவோடு போய்விட்டது. மறியைப் பாருங்கள்: மரபியலில் குட்டி, யாழ்ப்பாணத்தில் பெண்ணாடு. வழக்கு கொண்டுபோன சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது?

இன்னொன்று. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. இங்கே பருவம் என்றால் மழையும் போகமும்தான். அப்படியானால் "இடைப்போகச் சினை" என்று வைத்தால் என்ன? பெரும்போகம், சிறுபோகம் தெரிந்த விவசாயிக்கு உடனே புரியும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

போகம் என்ற சொல்லுக்கு இன்பம் என்றும் பொருள் உண்டு, அதுவும் சினை பேசும் இடத்தில். வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து:

சரி, நாள் இல்லை. "பருவமல்லாக் காலச் சினைப்படுத்தல்" என்று போடுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் பிழையாகப் படிக்க மாட்டார்கள். வேறு மூன்று பேர் ஒப்புக்கொண்டு எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நான் ஒப்பவில்லை. அது சொல் இல்லை, விளக்கம். அடுத்த பதிப்புக்கு முன் வம்ப மாரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், தம்பி.