அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள், அந்தப் பெண்ணிடம் நான் சொல்லிவிடலாமா?

கோபிக்காரி:
அண்ணனுக்கு 31 வயசு. அவனுக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லை. திருப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு பையனோடு சேர்ந்து இருந்தான், அது தெரிந்ததும் அப்பா வண்டி எடுத்துப் போய்க் கூட்டிவந்துவிட்டார், அப்புறம் ஒரு டாக்டரிடம் மாசாமாசம் ஊசி. ஊசி முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதென்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள், நாலு வருஷமாக யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இப்போது காங்கயம் பக்கம் வேறு குலத்தில் பெண் அமைந்துவிட்டது, ஆவணியில் நிச்சயம். பெண் வீட்டார் வந்தன்று அண்ணன் நன்றாகச் சிரித்துப் பேசினான். கார் கிளம்பியதும் வேட்டியைக்கூட மாற்றாமல் கட்டுத்தாரைக்குப் போய் எருமைக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான், எருமை படுத்த பிறகும் நிறுத்தவில்லை. அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள், "அக்கா, உங்க அண்ணனுக்கு என்ன பிடிக்கும்?" என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறாள். நான் என்ன செய்யட்டும்ங்க?

பவானி ஆத்தங்கரை:
நானும் உங்கள் அண்ணன் மாதிரிதாங்க. அவரைக் கேட்காமல் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், ஊருக்குள் பரவினால் தாங்கமாட்டார். முதலில் அவரிடம் பேசுங்கள். இது நோய் இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு குற்றமும் இல்லை. 'குணப்படுத்துகிறேன்' என்று வைத்தியம் பார்க்கக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதியே போகும்போது உங்கள் அப்பாவுக்கு என்ன குறைந்துவிடும்? அண்ணனுக்கு மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

பெயர் வேண்டாம்:
அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். மூணு வருஷம். "ஏங்கண்ணு, விசேஷம் ஒன்னும் இல்லியா?" என்று மாமியார் மாசாமாசம் கேட்பார், என்னைத்தான் சென்னிமலைக்கும் பழனிக்கும் கூட்டிப்போனார். எனக்கு என்ன குறையென்று ராத்திரியில் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பேன். கணவர் மேல் இப்போது எனக்குக் கோபமில்லை, கல்யாணத்துக்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்திருந்தும் என் கையில் வெத்தலைத் தட்டைக் கொடுத்த அந்த அம்மா மேல்தான் இன்னும் ஆறவில்லை. ஆவணிக்குள் உங்கள் அண்ணன் வாயாலேயே வேண்டாமென்று சொல்ல வையுங்கள். காரணத்தை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, வேண்டாம் என்றால் போதும்.

கோபிக்காரி:
நேற்று ராத்திரி மோட்டார் போடப் போனபோது கூடவே போய்க் கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் வாய்க்கால் தண்ணியையே பார்த்துக்கொண்டு இருந்தான். "உனக்கு எப்பருந்து தெரியும்?" என்றான். மொதல்ல இருந்தே என்றேன். "அப்பறம் ஏன் புள்ள இத்தன நாளா கேக்கல?" என்று அழுதுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லப்போகிறான், நான் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். உட்காருவேன்.