முதுகுவலிக்காரருக்கு வலியின் அறிவியலைக் கற்பிப்பதால் பயன் உண்டா?

தென்றல் (பிசியோதெரபிஸ்ட்):
எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் தேய்மானம்’ (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் தேய்வு) என்ற சொல்லைப் படித்துவிட்டுக் குனியவே அஞ்சுகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். 2015இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, வலியே இல்லாதவர்களிலும் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இத்தேய்மானம் படத்தில் தெரிகிறது. தலைமயிர் நரைப்பது போன்ற ஒன்றைக் காயமென்று நம்பி முடங்கிக் கிடப்பவருக்கு, வலி என்பது காயத்தின் அளவுகோல் அன்று, உடலைக் காக்க மூளை எழுப்பும் எச்சரிக்கை என்பதை மாத்திரைக்கு முன்பே கற்பிக்க வேண்டும்.

கல்மரம்:
அறிவியலை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கேட்பவர் காதில் எப்படி விழுகிறது என்பது ஆறு ஆண்டுகளாக முதுகுவலியோடு வாழும் எனக்குத் தெரியும். ‘வலியை உண்டாக்குவது மூளைதான்’ என்று மருத்துவர் விளக்கியதை வீட்டில் சொன்னபோது, ‘அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானா?’ என்று கேட்டார் என் மாமியார்.

தென்றல்:
அது விளக்கியவரின் பிழை. 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு குறிப்பைப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் ஆணி காலணியைத் துளைத்து வெளிவந்ததால் துடித்த கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்துக் காலணியைக் கழற்றினால், ஆணி விரல்களுக்கிடையே புகுந்திருந்தது. காலில் காயமே இல்லை. அவர் நடிக்கவில்லை, ஐயா. அவருடைய வலி முழுக்க உண்மையானது.

நிறைகோல்:
கதை நன்று, சோதனை என்ன சொல்கிறது? புதிதாக முதுகுவலி கண்ட 202 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2019இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு ஒரு மணி நேரம் வீதம் இருமுறை வலியறிவியல் பாடம். மறுபிரிவினர் பேசியதைச் சிகிச்சையாளர் அதே அளவு நேரம் அக்கறையோடு கேட்டதுடன் சரி, பாடம் இல்லை. மூன்று மாதங்களுக்குப் பின் வலியின் அளவில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. இப்பாடத்தைப் பரப்பிய லோரிமர் மோஸ்லியே அவ்வாய்வின் ஆசிரியர்களில் ஒருவர்.

தென்றல்:
ஏற்கிறேன். எனினும் அவர்கள் புதிய வலிக்காரர்கள். நான் பேசுவது மூன்று மாதங்களைக் கடந்த வலியைப் பற்றி. அங்கும் பாடம் மட்டும் போதாது, உடற்பயிற்சியோடு சேர்ந்தால்தான் பயன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கல்மரம்:
பாடம் இல்லாதவர்களுக்கும் இரண்டு மணி நேரம் காது கொடுத்தார்களாமே! எனக்குக் கிடைத்தவை நான்கு நிமிடங்கள். அவற்றில் மூன்று மூளையின் படம் வரைவதில் போயின.