புதுப்பிப்பு: சிங்க் ஆன பிறகும் திரையில் பழைய கணக்கே நின்றது ஏன்?

போன வாரம் கேட்டிருந்தேன்: சித்தப்பா கடைக்காக எழுதிய ஆண்ட்ராய்டு சரக்கு ஆப், சிங்க் (தரவு ஒத்திசைவு) முடிந்த பிறகும் பட்டியலில் பழைய எண்ணிக்கையையே காட்டுகிறது; மூடித் திறந்தால்தான் சரியாகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

ரூம் (ஆண்ட்ராய்டில் டேட்டாபேஸைக் கையாளும் லைப்ரரி) டேட்டாபேஸை இரண்டு இடத்தில் தனித்தனியாக உருவாக்கியிருந்தேன்: திரைக்கு ஒன்று, பின்னணியில் சிங்க்கை ஓட்டும் ஒர்க்மேனேஜர் வேலைக்குள் இன்னொன்று. கோப்பு ஒன்றுதான், ஆனால் ரூம் ஆப்ஜெக்ட் இரண்டு. ஃப்ளோ (திரைக்கு மதிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஓடை) தானாகப் புது மதிப்பைத் தருவது, அட்டவணை மாறியதை ரூமுக்குள் இருக்கும் இன்வாலிடேஷன் டிராக்கர் கவனித்துச் சொல்வதால்தான். அந்த டிராக்கருக்குத் தன் ஆப்ஜெக்ட் வழியாக நடக்கும் எழுத்து மட்டுமே தெரியும். சிங்க் அரிசியை 40 மூட்டையிலிருந்து 32 ஆக்கியது, கோப்பிலும் 32 இருந்தது. திரைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆப் முழுக்க ஒரே ஆப்ஜெக்ட் என்று மாற்றினேன். (சிங்க் வேறு பிராசஸில் ஓடினால் எனேபிள்மல்டிஇன்ஸ்டன்ஸ்இன்வாலிடேஷன் என்ற ரூம் அமைப்பு தேவை. எனக்குத் தேவைப்படவில்லை.)

அப்புறமும் ஒரு திரை மட்டும் அடம்பிடித்தது. அங்கே பழைய லிஸ்ட்டையே திருத்தி, பட்டியலைத் திரையில் காட்டும் லிஸ்ட்அடாப்டரின் சப்மிட்லிஸ்ட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதே லிஸ்ட் திரும்ப வந்தால் லிஸ்ட்அடாப்டர் ஒப்பிட்டே பார்க்காது. புது லிஸ்ட்டும், மாறிய வரிக்குப் புது நகலும் கொடுத்ததும் சரியானது.

இழுத்துப் புதுப்பிக்கும் வசதி வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் வைக்கவில்லை. கல்லாவில் நிற்கிறவர் எதற்குத் திரையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்?