அப்பாவின் திவசமும் ஜனவரி 5ஆம் திகதியும்

குழு: மானிப்பாய் வீடு

9 நவம்பர் 2018, வெள்ளி இரவு

கொழும்பு மாமா: ஜனாதிபதி மைத்திரிபால பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார். வர்த்தமானி அறிவித்தல் வந்துவிட்டது. ஜனவரி 5 தேர்தல்.

பெரியக்கா: எந்த ஜனவரி 5?

கொழும்பு மாமா: வருகிற ஜனவரிதான். சனிக்கிழமை.

பெரியக்கா: அன்றைக்குத்தானே அப்பாவின் ஆண்டுத் திவசம்!

சுகி லண்டன்: ஐயோ

ரவி டொரன்டோ: நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். 3ஆம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குகிறேன்.

வசந்தி மாமி: திதியை மாற்ற முடியாது. ஐயருக்கும் சொல்லியாகிவிட்டது.

பெரியக்கா: திதியை மாற்ற யார் சொன்னார்கள் மாமி? தேர்தல் என்றால் எனக்கு வாக்குச்சாவடிக் கடமை வரும். முதல் நாளே வாக்குப் பெட்டியோடு போய் இரவு அங்கேயே படுக்க வேண்டும். பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேலணைக்குப் போட்டார்கள். பந்தி வைக்கக் கேட்ட பள்ளிக்கூட மண்டபமும் வாக்குச்சாவடிதான்.

சித்தப்பா: ஒருவரும் பதற வேண்டாம். இந்தக் கலைப்பு நிற்காது. 2015இல் வந்த அரசியல் யாப்பின் 19ஆம் திருத்தத்தின்படி, பாராளுமன்றம் முதன்முதல் கூடி நாலரை வருடம் ஆகும்வரை ஜனாதிபதி தன் எண்ணத்துக்கு அதைக் கலைக்க முடியாது. இந்தப் பாராளுமன்றம் கூடியது 2015 செப்டெம்பர் 1. கணக்குப் பாருங்கள், 2020 மார்ச் வரும். அதற்குமுன் கலைப்பதென்றால் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225 பேரில் 150 பேர், தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். யார் கேட்டார்கள்? ஒக்டோபர் 26 இரவு பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். மறுநாளே சபையை ஒத்திவைத்தார். இரண்டு வாரமாகப் பெரும்பான்மைக்கு வேண்டிய 113 பேரைச் சேர்க்கப் பார்த்தும் சேரவில்லை. 14ஆம் திகதி சபை கூடினால் தலை எண்ண வேண்டிவரும். அதனால்தான் கூடுமுன் கலைத்தார்.

ரவி டொரன்டோ: டிக்கெட்டை என்ன செய்வது சித்தப்பா?

சித்தப்பா: வைத்திரு.

கொழும்பு மாமா: 2004இல் ஜனாதிபதியாக இருந்த சந்திரிகாவும் கலைத்தவர்தானே. யார் தடுத்தார்கள்?

சித்தப்பா: அப்போது சட்டம் இடம் கொடுத்தது. தேர்தல் முடிந்து ஒரு வருடம் போனால் கலைக்கலாம். பிரதமரை நீக்கும் அதிகாரமும் 1978 யாப்பில் இருந்தது. இரண்டையும் 19ஆம் திருத்தம் பிடுங்கிவிட்டது. சபையின் நம்பிக்கை இருக்கும்வரை பிரதமர் இருப்பார். அந்த நம்பிக்கையைச் சபையில்தான் பார்க்க வேண்டும், ஜனாதிபதி வீட்டில் அல்ல.

கொழும்பு மாமா: இந்த ஜனாதிபதிக்கு வாக்குப் போடச் சொல்லி 2015இல் வீடு வீடாகப் போனது யார்?

சித்தப்பா: நான்தான். இன்றைக்கும் நிமிர்ந்து நின்று சொல்வேன். அந்த வாக்குகளால்தான் 19ஆம் திருத்தமே வந்தது. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணம் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. 1 இலட்சத்து 80 ஆயிரம் சொச்ச வாக்கில் மகிந்த வென்றார். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் அண்ணாவும் முழங்கால் வலியோடு என்கூடச் சைக்கிளில் வந்தார்.

வசந்தி மாமி: அண்ணாவின் ராலி சைக்கிள் இப்போது எங்கே?

பெரியக்கா: கொட்டிலில் நிற்கிறது.

வசந்தி மாமி: என் மகனுக்கென்று அண்ணா வாயால் சொன்னது.

சுகி லண்டன்: மாமி, இப்போது இந்தப் பேச்சு வேண்டாமே.

வசந்தி மாமி: சரி. ரவி வருகிறானா இல்லையா? கொள்ளி வைக்கவும் வரவில்லை, எட்டுச் சடங்குக்கும் வரவில்லை.

ரவி டொரன்டோ: என் வழக்கு முடியாமல் எப்படி வந்திருப்பேன் மாமி? அது உங்களுக்கும் தெரியும்.

12 நவம்பர், திங்கள்

கொழும்பு மாமா: வழக்குப் போட்டுவிட்டார்கள். ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சி, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, ஜேவிபி எல்லோரும். தேர்தல்கள் ஆணைக்குழுவில் இருக்கும் நம் ரட்ணஜீவன் ஹூலும் போட்டிருக்கிறார்.

சித்தப்பா: தேர்தலை நடத்த வேண்டியவரே இது பிழை என்று நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்?

கொழும்பு மாமா: எல்லாம் சரி. கூட்டமைப்பு ரணிலுக்காக இவ்வளவு ஓடுகிறதே, மூன்று வருடத்தில் அவரிடம் என்ன வாங்கினார்கள்? வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்த காணி முழுதும் விட்டாயிற்றா? தமிழ் அரசியல் கைதிகள் வீட்டுக்கு வந்தார்களா?

சித்தப்பா: அது நியாயமான கேள்வி. நானும் கேட்கிறேன். ஆனால் 16 பேரை அனுப்பினோம், ஒருவர் பிரதி அமைச்சர் பதவிக்குத் தாவிவிட்டார். மிச்சம் 15. எந்தப் பக்கமும் 113 இல்லாத சபையில் அந்த 15க்கு என்ன பெறுமதி என்று யோசியுங்கள். சபையே இல்லையென்றால் அந்த 15 பேரும் வெறும் 15 பேர். காணியை யாரிடம் போய்க் கேட்பது?

கொழும்பு மாமா: எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

சித்தப்பா: யாரிடம் எழுதி வாங்கி எது நடந்தது? பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் 1957இல் எழுதியதுதான். அடுத்த வருடமே கிழித்தார்கள்.

பெரியக்கா: சமையல்காரர் முற்பணம் கேட்கிறார். எத்தனை பேருக்கு என்று சொல்லுங்கள்.

சுகி லண்டன்: கத்தரிக்காய்ப் பால்கறி கட்டாயம். அப்பாவுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

வசந்தி மாமி: வாழைக்காய்ப் பொரியலும்.

13 நவம்பர், செவ்வாய் மாலை

கொழும்பு மாமா: தடை! வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை. டிசம்பர் 7 வரை.

ரவி டொரன்டோ: அப்படியென்றால் தேர்தல் இல்லையா?

சித்தப்பா: தேர்தல் வேலையும் நிறுத்தப்பட்டது. பிரதம நீதியரசர் உட்பட மூன்று நீதியரசர்கள் இருந்து கேட்டார்கள். நாளை பத்து மணிக்குச் சபையைக் கூட்டுகிறார் சபாநாயகர் கரு ஜயசூரிய. இனித் தலை எண்ணட்டும்.

பெரியக்கா: டிசம்பர் 7க்குப் பிறகு?

சித்தப்பா: முழு விசாரணை. தீர்ப்பு நம் பக்கம்தான் வரும்.

கொழும்பு மாமா: வந்தபிறகு சொல்லுங்கள்.

பெரியக்கா: ஐயருக்குக் காலை ஏழு மணி என்றே சொல்கிறேன். மண்டபத்துக்கு என்ன சொல்வது? அதிபர் நாளைக்குள் பதில் கேட்கிறார்.

வசந்தி மாமி: முற்றத்தில் பந்தல் போடுவோம்.

சுகி லண்டன்: மார்கழி மழை மாமி.

பெரியக்கா: சித்தப்பா, மண்டபம்?