அய்யனார் வகையறா, மேலூர்

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். கல்வெட்டு வெட்டுகிறவர் சாயங்காலத்துக்குள் வாசகம் கேட்கிறார். நான் எழுதி வைத்திருப்பது: "கருட பகவான் வானில் வட்டமிட, அருள்மிகு அய்யனார் திருக்கோயில் கும்பாபிஷேகம் இனிதே நிறைவேறியது." சரிதானே?

மேலூர் அத்தை: 🙏🙏

பாண்டி மாமா: அருமை மச்சான்

வினோதினி: பெரியப்பா, ஒரு சந்தேகம். கார்த்தி எடுத்த வீடியோவைப் பார்த்தேன். அது கருடன் மாதிரித் தெரியவில்லை. உடம்பு முழுக்கப் பழுப்பு.

பெரியப்பா: என்னம்மா இது? அது வந்த பிறகுதானே குடத்து நீரையே ஊற்றினார்கள். 400 பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சித்தப்பா: எனக்கும் ஒரு சந்தேகம். உபயதாரர் பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் ஏன் கடைசியில்?

மேலூர் அத்தை: தம்பி, காலையிலேயே ஆரம்பிக்காதே

வினோதினி: நாம் கருடன் என்று கும்பிடுவது செம்பருந்தை. தலை, கழுத்து, மார்பு வெள்ளை. மற்றதெல்லாம் செங்கல் நிறம். வால் நுனி வட்டமாக இருக்கும். குப்பைமேட்டுக்கு மேல் கூட்டமாகச் சுற்றுவது கரும்பருந்து, அதாவது கள்ளப்பருந்து. அதற்கு வெள்ளையே இருக்காது, வால் நுனி கவட்டை மாதிரிப் பிளந்திருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான், பேரினம் வேறு. செம்பருந்து ஹாலியாஸ்டர் இண்டஸ், கரும்பருந்து மில்வஸ் மைக்ரன்ஸ்.

பாண்டி மாமா: ஒரே குடும்பம், வீடு வேறு. அப்போ பங்காளி

சித்தப்பா: பங்காளி என்றால் தலைக்கட்டு வரி கட்டட்டும்

மேலூர் அத்தை: அப்பா எல்லாவற்றையும் கழுகு என்பாரே வினோ?

வினோதினி: ஆமாம் அத்தை, நம் பக்கம் வளைந்த மூக்கோடு உயரப் பறந்தால் எல்லாமே கழுகு. பக்கத்து அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அங்கே ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். அதில் லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் முக்கியமானவை. தாத்தாவுக்கு மூன்றும் கழுகு. பிணம் தின்னும் பாறுவும் கழுகு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதுக்குச் சோறு வாங்க வந்த கழுகுகள்கூட மஞ்சள்முகப் பாறுதான். ஆனால் வல்லூறு, பருந்துக்கும் கழுகுக்கும் நெருங்கிய சொந்தமே இல்லை. 2008-ல் வெளிவந்த மரபணு ஆய்வில் அது கிளிக்குத்தான் பக்கத்து உறவு என்று தெரிந்தது.

கார்த்தி: வல்லூறும் கிளியுமா??

மேலூர் அத்தை: மீனாட்சி கையில் இருக்கிறதே, அந்தக் கிளியா?

வினோதினி: அதே கிளிதான் அத்தை ❤️

பாண்டி மாமா: பேரை நம்பி ஏமாறுவது என்றால் எனக்குப் பனங்காடைதான் ஞாபகம் வருகிறது

கார்த்தி: 😂😂 அப்பத்தா கதை

பாண்டி மாமா: அப்பத்தா காடை வாங்கி வரச் சொல்ல, இவர் பனைமரம் ஏறிப் பனங்காடைக் குஞ்சைப் பிடித்து வந்தார். நீலச் சிறகைப் பார்த்ததும் அப்பத்தா விளக்குமாற்றை எடுத்துவிட்டது

சித்தப்பா: எனக்கு அப்போது எட்டு வயது. இன்னும் எத்தனை வருடத்துக்குச் சொல்வீர்கள்?

வினோதினி: சித்தப்பா மேல் தப்பில்லை. பேரில் காடை இருக்கிறதே. உண்மையான காடை கோழி வம்சம். பனங்காடை மீன்கொத்திக்குச் சொந்தம்.

சித்தப்பா: நன்றி மகளே. இத்தனை வருடத்தில் நீ ஒருத்திதான் என் பக்கம் பேசினாய்.

பெரியப்பா: எல்லாரும் கொஞ்சம் கல்வெட்டுக்கு வாருங்கள். வினோதினி, நீ சொல்லும் அறிவியல் பெயர் மட்டும் மாறாமலா இருக்கிறது? பேப்பரில் அடிக்கடி பார்க்கிறேன், இந்தப் பறவையை அங்கே மாற்றினோம், அந்தப் பறவையை இங்கே மாற்றினோம் என்று.

வினோதினி: மாறும் பெரியப்பா, அது உண்மை. இந்த இரண்டு பருந்துக்கும் 1783-ல் பெயர் வைத்தவர் போடெர்ட் என்ற டச்சுக்காரர். அவர் இரண்டையும் பால்கோ என்ற வல்லூறுப் பேரினத்தில்தான் வைத்தார். பிறகு வந்தவர்கள்தான் வேறு வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். எது எதற்கு உறவு என்று தெரியத் தெரிய மாற்றுகிறார்கள்.

பெரியப்பா: பார்த்தாயா! அவர் ஒரே இடத்தில் வைத்ததை நம் ஆட்கள் எப்போதோ கருடன் வேறு, கள்ளப்பருந்து வேறு என்று பிரித்துவிட்டார்கள்.

வினோதினி: அதனால்தான் பெரியப்பா இவ்வளவு சொல்கிறேன். நிறம் பார்த்து, வால் பார்த்து, கோழிக்குஞ்சைத் தூக்குவது எது என்று பார்த்து வைத்த பேர் அது. கள்ளப்பருந்தைக் கருடன் என்று கல்லில் வெட்டினால் அவர்கள் பார்த்துப் பிரித்ததை நாமே அழித்த மாதிரி. கல்லில் வெட்டியதைப் பிறகு மாற்ற முடியாது.

மேலூர் அத்தை: பிள்ளை சொல்வதும் சரிதான் அண்ணே

கார்த்தி: பெரிதாக்கி மறுபடி அனுப்பியிருக்கிறேன். 14-வது விநாடியில் நிறுத்துங்கள். வால் வட்டமாக இருக்கிறது

பெரியப்பா: வட்டம்!

வினோதினி: ம்ம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். செம்பருந்தின் இளம் பறவையும் பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளைக் கழுத்தும் செந்நிறமும் வளர்ந்த பிறகுதான் வரும். அதனால் இளம் கருடனாகவும் இருக்கலாம். ஆனால் கரும்பருந்து திரும்பும்போது வாலை விரித்தால் அந்தப் பிளவு தெரியாமல் போகும். இந்த ஒரு விநாடியை வைத்து என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பாண்டி மாமா: ட்ரோன் வீடியோவில் கிட்டத்தில் தெரியுமே?

சித்தப்பா: மீதிப் பணம் கொடுத்தால்தான் அந்தப் பையன் வீடியோ தருவான்

பெரியப்பா: அந்த மீதி யார் பொறுப்பு?

சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மேலூர் அத்தை: நான் பார்த்துவிட்டேன் தம்பி. அண்ணனிடம் இப்படிப் பேசாதே

பெரியப்பா: சரி. கல்வெட்டுக்காரரிடம் மற்றதை வெட்டச் சொல்கிறேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விடட்டும். ட்ரோன் பணத்தை யாராவது கொடுத்து வீடியோவை வாங்குங்கள். 48-ம் நாள் மண்டலாபிஷேகத்துக்குள் முடிவு வேண்டும்.

கார்த்தி: யாராவது என்றால்?

மேலூர் அத்தை: என் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? பந்தல்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டாரா?