புதுப்பிப்பு: மங்கல் வெளிச்சத்தில் வெளிமான் பார்க்க எந்த பைனாகுலர்?

கோடியக்கரையில் விடியலிலும் அந்தியிலும் 10x25 (10 மடங்கு உருப்பெருக்கம், 25 மி.மீ. முன் கண்ணாடி) பைனாகுலரில் வெளிமான் வெறும் நிழலாகத்தான் தெரிகிறது, 10x42 வாங்கலாமா, 8x42-ஆ, 7x50-ஆ என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 8x42 வாங்கியாயிற்று.

முடிவு செய்ய உதவியது "முன் கண்ணாடி விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள்" என்ற யோசனைதான். கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு அது. 10x25-ல் 2.5 மி.மீ., 10x42-ல் 4.2, 8x42-ல் 5.25. 7x50-ல் 7 மி.மீ.க்கு மேல் வரும். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்மணி இருட்டிலும் பெரும்பாலும் அவ்வளவு விரியாது. மீதி ஒளி வீண், கழுத்தில் கனம் மட்டும் மிச்சம். அதோடு கடற்காற்றில் 10 மடங்கு கையில் நிற்காது, 8 நிற்கிறது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை: கையை நீட்டி வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். கண் வைக்கும் பக்கம் தெரியும் வெளிச்சப் பொட்டு முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி (பிரிஸம்) மலிவானது, வேண்டாம். கண்ணாடி போடுபவர்கள் கண்ணுக்கும் கண் வைக்கும் பக்க லென்ஸுக்கும் உள்ள இடைவெளி (eye relief) 15 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள்.

எதிர்பாராதது ஒன்று: ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் முழுக்கப் பனி மூட்டம். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிறது. துணியால் தேய்க்காதீர்கள், அந்தக் காற்றில் வரும் உப்புத்துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.